தாத்தாவுக்கு ஒரு தூண்டில் கம்பு

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ தாத்தாவோட தூண்டில் கம்பு தொரட்டியா மாறியிருந்தது. நுனியில ஒரு அரிவாளைக் கட்டி, அப்பத்தா ஆட்டுக்குக் கருவேலங்காய் பறிச்சுக்கிட்டு இருந்துச்சு. "அவருக்கு இனிமே எதுக்குய்யா அது, கையில புடிக்கவே முடியல"ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிருச்சு. தாத்தா திண்ணையில உக்காந்து அதைப் பார்த்துக்கிட்டே இருந்தார். ஒண்ணும் சொல்லல.

ரெண்டு வருஷமா அவருக்கு வலது கை நடுக்கம். பத்தடி மூங்கிலை நீட்டிப் பிடிச்சா நுனி தானா ஆடும். கெண்டை கடிக்குதா, கை ஆடுதான்னு அவருக்கே தெரியாது. கமுதியில பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு ஐப்பசியில கண்மாய் நிறைஞ்சா பங்குனியில வத்துற வரைக்கும் காலைப்பொழுது முழுக்கக் கரையிலதான். அந்தக் காலைப்பொழுதுக்கு இப்போ வேலையே இல்லாமப் போச்சு.

சரி, லேசா ஒரு கம்பு வாங்கிக் கொடுத்துடலாம், என்ன பெரிய விஷயம்னு நெனச்சேன். சென்னை திரும்பித் தேட ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சது, இது ஒரு கடல்னு. பவர், ஆக்‌ஷன், மாடுலஸ், லைன் வெயிட்... மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேர்ல பொட்டி தட்டுறவனுக்கு இது போதாதா? ஒரு மாசம் ராத்திரியெல்லாம் இதே வேலை. கம்பு வாங்கப் போனவன் கம்போட வரலாற்றுக்குள்ள விழுந்துட்டேன்.

தாத்தாவுக்கு வேணும்னு நான் தேடின கம்புக்கு அமெரிக்காவுல ஒரு பேரு இருக்கு. 'ஃபினெஸ்' ராட். பாஸ்னு ஒரு நன்னீர் மீன், நம்ம விரால் மாதிரி செடிக்குள்ள பதுங்கியிருந்து பாய்ஞ்சு பிடிக்கிற ஜாதி. ரப்பர் மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் புழுவைச் சின்ன முள்ளுல கோத்து, மெல்லிய நரம்புல, ரெண்டு மூணு கிராம் ஈயத்தோட மெதுவா ஆட்டி அதைப் பிடிக்கிறாங்க. மீன் புழுவை லேசா உறிஞ்சும். அந்த உறிஞ்சல் கைக்குத் தெரியணும். தெரியலன்னா புழுவைத் துப்பிட்டுப் போயிரும். யோசிச்சுப் பாத்தா நாக்குப்பூச்சி கோத்துக் கெண்டைக்குக் காத்திருக்கிற தாத்தாவோட பிரச்சினையும் அச்சு அசல் இதேதான்.

ஆனா கம்போட கதையை அமெரிக்காவுலேருந்து ஆரம்பிக்கக் கூடாது. நம்ம ஊர்ல கம்போட வளைவைக் கவனிச்சதுக்காகவே பேர் வாங்கின ஒரு புலவர் இருக்கார். குறுந்தொகை 54-ஆம் பாட்டை எழுதினவர். சொந்தப் பேரு என்னன்னு தெரியல, அவர் சொன்ன உவமையை வெச்சே மீனெறி தூண்டிலார்னு பேர் வெச்சுட்டாங்க. காட்சி இதுதான்: யானை ஒண்ணு பச்சை மூங்கிலை வளைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு. தினைப்புனம் காவல் காக்கிறவங்க கவண் வீசுற சத்தம் கேட்டு, மிரண்டுபோய் மூங்கிலை விட்டுடுது. மூங்கில் விசுக்குன்னு மேலே எழும்புது. மீனைத் தூக்கி எறியுற தூண்டில் மாதிரி.

எத்தனை துல்லியம் பாருங்க. இன்னைக்கு ராட் விக்கிற கம்பெனிகள் 'ரெக்கவரி'ன்னு எழுதுறது இதைத்தான். வளைஞ்ச கம்பு எவ்வளவு வேகமா நேராகுதுங்கிறது. இன்னொண்ணும் இதுலேருந்து புரியுது. அந்தக் காலத்துல ரீல் கிடையாது. கம்பு நுனியில நேரா நாண். மீன் மாட்டினா ஒரே வெட்டு, கரையில வந்து விழணும். அப்போ கம்பு வளையவும் வேணும், எழும்பவும் வேணும். தாத்தா இன்னிக்கு வரைக்கும் பிடிக்கிறதும் அப்படித்தான்.

அகநானூறு 216-ல ஐயூர் முடவனார் காட்டுற இன்னொரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு பாணர் வீட்டுப் பொண்ணு மெல்லிய கோல்ல நாண் கட்டி விரால் பிடிக்கிறா. அதை வஞ்சி விறகுல சுட்டு, கள்ளு குடிச்சிட்டு உக்காந்திருக்கிற அப்பனுக்கு ஊட்டி விடுறா. கோல் மெல்லிசுன்னு புலவர் கவனிச்சுச் சொல்லியிருக்கார் பாருங்க. தடிக்கம்பு இல்ல. (எங்க தாத்தாவுக்கும் அந்த அப்பனுக்கும் ஒரு ஒற்றுமை இருந்ததா அப்பத்தா சொல்லும். அது பழைய கதை.)

இத்தனைக்கும் கமுதி பக்கம் மூங்கில் வளராது. கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம், குண்டு மிளகாய், அவ்வளவுதான் எங்க பூமி. குண்டாத்துலயே வருஷத்துல பாதி நாள் மணல்தான் ஓடும். தாத்தா கம்பு மதுரை மூங்கில் கடையிலேருந்து வந்தது. கல்மூங்கில். உள்ளே ஓட்டை ரொம்பக் கம்மியா, அடியில கிட்டத்தட்ட கெட்டியாவே இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்கிறதே ஒரு சடங்கு. கணு நெருக்கமா இருக்கான்னு பாப்பார், நுனியைத் தரையில ஊன்றி அழுத்திப் பாப்பார், அப்புறம் வாங்கிட்டு வந்து லேசாத் தீயில வாட்டி நிமிர்த்தி எண்ணெய் தடவி நெழல்ல போடுவார். ஒரு கம்பு அஞ்சாறு வருஷம் உழைக்கும்.

இந்தக் கல்மூங்கிலுக்கு உலகச் சந்தையில ஒரு காலம் இருந்திருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்குப் பயங்கர ஆச்சரியம். 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் வெள்ளைக்காரங்க தூண்டில் கம்பு செஞ்சது மரத்துல. ஆஷ், லான்ஸ்வுட், கயானாவுலேருந்து வந்த கிரீன்ஹார்ட். எல்லாம் உலக்கை கனம். அப்போதான் கல்கத்தா துறைமுகத்துலேருந்து இந்திய மூங்கில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போக ஆரம்பிச்சது. 'கல்கத்தா கேன்'னே பேரு. அது பெரும்பாலும் நம்ம கல்மூங்கில் இனம்தான்னு சொல்றாங்க.

அதை அவங்க நம்ம மாதிரி முழுசாப் பயன்படுத்தல. பென்சில்வேனியா மாநிலத்துல ஈஸ்டன்னு ஒரு ஊரு. அங்கே சாமுவேல் ஃபிலிப்னு துப்பாக்கி செய்யுற ஆள், வயலினும் செய்வாராம். 1840-கள்ல அவர் மூங்கிலை நீளவாக்குல பட்டை பட்டையாப் பிளந்து, உள் சோத்தைச் சீவி எறிஞ்சிட்டு, வெளித்தோல் பக்கம் மட்டும் வெச்சு ஒட்டிக் கம்பு செஞ்சார். ஏன் வெளித்தோல்? மூங்கிலோட பலமெல்லாம் நார்ல, அந்த நார் நெருக்கமா இருக்கிறது தோலுக்குப் பக்கத்துல. எங்க ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புரொஃபசர் வளையுற பொருள்ல அழுத்தம் அதிகமா விழுறது வெளி ஓரத்துலதான்னு போர்டுல படம் போட்டு மண்டை காய வெச்சார். மூங்கிலுக்கு அது பரீட்சை எழுதாமலே தெரிஞ்சிருக்கு. பின்னாடி மெயின் மாநிலத்துல பேங்கர்ங்கிற ஊர்ல ஹைரம் லெனர்ட்னு ஒருத்தர், 1870-கள்ல ஆறு பட்டைக் கம்பை மெஷின்ல சீவிச் செஞ்சு விக்க ஆரம்பிச்சார். வயலின்காரர் கைவேலை தொழிற்சாலைப் பொருளா மாறிப்போச்சு.

ஆனா நம்ம மூங்கில் ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கல. கல்கத்தா கேன்ல பூச்சித் துளை, தீக்கருகல் தழும்பு, பாதி கழிவு. 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல சீனாவுலேருந்து 'டோங்கின் கேன்' வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. கணுவுக்குக் கணு நீளம், நேரா இருக்கும், தோல் பக்க நாரும் தடிமன். (டோங்கின்னா வடக்கு வியட்நாம். ஆனா இது வளர்றது சீனாவுல குவாங்டாங் பக்கம். பேரை வெச்சு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது, நம்ம பெங்களூர் கத்திரிக்காய் மாதிரி.) 1950-ல கொரியப் போர் நேரத்துல அமெரிக்கா சீனாவோட வணிகத்தை நிறுத்தினதும் அந்த மூங்கிலும் நின்னுபோச்சு. 1971 வரைக்கும் தடை. இந்தப் பக்கம் கண்ணாடி நார்க் கம்பு 1940-களோட கடைசியிலேயே கடைக்கு வந்திருந்துச்சு. மூங்கில் கம்போட கதையை முடிச்சதுல அரசியலுக்கும் பாதிப் பங்கு உண்டு.

இதுக்கு நடுவுல நம்ம மெட்ராஸ் மாகாணத்துல ஒரு சுவாரஸ்யமான மனுஷன். ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸ், தென் கன்னட மாவட்டத்துல கலெக்டரா இருந்தவர். 1873-ல மங்களூர்ல 'தி ராட் இன் இந்தியா'ன்னு புத்தகம் போட்டார். அது ஆத்து மீன், மஹ்சீர் வேட்டை பத்தினது, எல்லா வெள்ளைக்கார அதிகாரியும் அதைத்தான் எழுதுவான். எனக்குப் பிடிச்சது அவரோட அடுத்த புத்தகம். 1887-ல 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'. குளத்துல, ஏரியில, அதாவது நம்ம கண்மாய் மாதிரி இடத்துல தூண்டில் போடுறதுக்குன்னே தனியா ஒரு புத்தகம்! மலையாறு பக்கம் போக வாய்ப்பில்லாம சமவெளி ஊர்ல மாட்டிக்கிட்ட அதிகாரிகளுக்கு எழுதினது. ஆத்து மீன் கம்பைப் பிடுங்குற மாதிரி கடிக்கும். குளத்துக் கெண்டை ஜாதி அப்படி இல்ல, இரையைச் சப்பிச் சப்பிப் பாக்கும். அதுக்கு லேசான கம்பு, மெல்லிய நாண், நுணுக்கமான தக்கை வேணும். ஃபினெஸ்ங்கிற வார்த்தை பாஸ் உலகத்துல பிரபலமாகுறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே அந்த விஷயம் நம்ம குளத்தங்கரையில இருந்திருக்கு. தாமஸுக்கு முன்னாடியும் இருந்திருக்கும், எழுதி வைக்க ஆள் இல்ல. தூண்டில்காரன் என்னிக்கு எழுதியிருக்கான்?

அமெரிக்காவுல ஜேம்ஸ் ஹென்ஷால்னு ஒரு டாக்டர் 1881-ல பாஸ் மீனுக்குன்னே ஒரு புத்தகம் எழுதி, நீளமான கனத்த கம்பை விட்டுட்டு எட்டேகால் அடியில லேசான கம்பு பிடிங்கப்பான்னு சண்டை போட்டார். அப்புறம் 1905-ல இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு பக்கம் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த்னு ஒரு கம்பளி மில்காரர் ஸ்பின்னிங் ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். மில்லுல நூல்கண்டோட தலைப்பக்கமா நூல் உருவிக்கிட்டு வர்றதைப் பாத்து வந்த யோசனை. கண்டு சுத்தவே வேண்டாம், நூல் மட்டும் உருவி வரும். அதனாலதான் ரெண்டு கிராம் ஈயத்தைக்கூட முப்பது அடி தூரம் வீச முடியுது. 1938-39 வாக்குல நைலான் வந்தது, பட்டு நாணும் பட்டுப்புழுக் குடல் நரம்பும் ஒழிஞ்சது.

பிளாஸ்டிக் புழு 1949-ல, ஒஹாயோ மாநிலம் ஆக்ரன்ல, நிக் க்ரீம்ங்கிறவர் வீட்டுல செஞ்சது. ஆக்ரன்னா டயர் கம்பெனிகளோட ஊர்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. 1970-ல டென்னசியில சார்லி ப்ரூவர் குட்டிப் புழு, குட்டி ஈயத்தலை, மெல்லிய நரம்புன்னு 'ஸ்லைடர்' கொண்டு வந்தார். ஃபினெஸ் புழு வித்தையோட அப்பான்னு பலர் இவரைத்தான் சொல்றாங்க.

ஆனா இதைக் கலையாவே மாத்தினவங்க ஜப்பான்காரங்க. அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பொறி தட்டுச்சு. ஜப்பானுக்கு பாஸ் சொந்த மீன் இல்ல. 1925-ல அகபோஷி டெட்சுமாங்கிற தொழிலதிபர் கலிஃபோர்னியாவுலேருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில விட்டார். அது பரவி, உள்ளூர் மீனைத் தின்னு தீர்த்து, கடைசியில 2005-ல அன்னிய உயிரினச் சட்டத்துல சிக்கிச்சு. சின்ன ஏரி, நிறைய தூண்டில், பழகிப்போன மீன். முரட்டு இரையைச் சீண்டாத அந்த மீனுக்காக நுணுக்கமான முறை ஒவ்வொண்ணா வளர்ந்துச்சு.

எங்க ராமநாதபுரத்துக்கும் இதே கதை ஒண்ணு இருக்கு. 1952-ல பாங்காக்லேருந்து மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குத் திலேப்பியா வந்தது. இந்தியாவுக்குள்ள அந்த மீன் முதன்முதலா கால் வெச்சது... சரி, துடுப்பு வெச்சது, எங்க மாவட்டத்துலதான். நாங்க ஜிலேபி கெண்டைன்னு சொல்றது அதைத்தான். இன்னைக்கு எந்தக் கண்மாயில தூண்டில் போட்டாலும் பத்துக்கு ஏழு ஜிலேபி. அயிரையும் உளுவையும் நான் சின்னப்பையனா இருந்தப்போ பாத்த அளவுக்கு இப்போ இல்ல. அதுக்கு ஜிலேபி மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், கருவேலத்துக்கும் தூர் வாராத மடைக்கும் பங்கு இருக்கு. ஆனா தாத்தாவுக்கு ஜிலேபி மேல ஒரு கோவம் உண்டு. முள்ளு சாஸ்தி, ருசி கம்மி, எல்லாத்துக்கும் மேல சும்மா கொத்திக் கொத்தி நாக்குப்பூச்சியைத் திருடும்.

கார்பனுக்கு வருவோம். 1960-கள்ல இங்கிலாந்துல ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்துல பலமான கார்பன் நாரை உருவாக்கினாங்க. ஜெட் எஞ்சினுக்கு. 1973-ல ஃபென்விக் கம்பெனி அதை மீன் கம்பா வித்துச்சு. கண்ணாடி நாரை விட எடை கம்மி, விறைப்பு சாஸ்தி. எனக்கு வேண்டியது இங்கேதான் இருந்தது. நுனி எடை குறையக் குறைய, சின்ன அதிர்வுகூட மழுங்காம கைப்பிடி வரைக்கும் வரும். மூங்கில்ல ஜிலேபி கொத்துறது தாத்தா கைக்கு வர்றதுக்குள்ள பாதி கரைஞ்சு போயிடும். போதாக்குறைக்குப் பத்தடிக் கம்பை ஒரு முனையில பிடிச்சுத் தூக்கினா, எடையை விட நெம்புகோல்தான் மணிக்கட்டைக் கொல்லும்.

கடையில இன்னொரு குழப்பம். பவரும் ஆக்‌ஷனும் ஒண்ணுன்னு நெனச்சு முதல் தடவை நான் ஏமாந்தேன். பவர்ங்கிறது கம்பை வளைக்க எவ்வளவு பாரம் வேணும்ங்கிறது. ஆக்‌ஷன்ங்கிறது எந்த இடத்துல வளையுதுங்கிறது. ஃபாஸ்ட்னா நுனி மட்டும் வளையும், ஸ்லோன்னா அடி வரைக்கும் வளையும். தாத்தா கல்மூங்கில் கிட்டத்தட்ட ஸ்லோ. நான் கடைக்காரர் பேச்சைக் கேட்டு 'விராலுக்குன்னா இதுதான் சார்'னு ஒரு ஹெவி ஃபாஸ்ட் வாங்கிட்டேன். விரால் இருக்கிற செடிக்குள்ள தவளை பொம்மை வீச அது சரி. நாக்குப்பூச்சிக்கு? உலக்கையில ஊசி நூல் கோத்த மாதிரி. மாசிக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். தாத்தா ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாத்துட்டு, "இதுல மாட்டைக் கட்டலாம்டா"ன்னு திருப்பிக் கொடுத்தார். அன்னிக்குச் சாயங்காலம் நானே போட்டேன். அரைக்கிலோ விரால் ஒண்ணு மாட்டுச்சு. விறைப்பான கம்பு, மெல்லிய நரம்பு, நான் வெட்டின வேகம், பட்டுன்னு அறுந்துபோச்சு. முள்ளோட போன அந்த மீனை நெனச்சு ராத்திரி தூக்கமே வரல.

ரெண்டாவது தடவை கடைக்காரரைக் கேக்கல, வரலாறு சொன்னதைக் கேட்டேன். ஆறரை அடி. பவர் மீடியம் லைட்டுக்கும் கீழே லைட். ஆக்‌ஷன் ஃபாஸ்ட், ஆனா நுனி மட்டும் உள்ளே ஓட்டை இல்லாத கெட்டி கார்பன், அதாவது தொட்டாலே வளையுற நுனி. ஆறு பவுண்டு நரம்பு, அதாவது முக்கால் கிலோ குறைச்சலா மூணேகால்... இல்ல, கணக்கு போட்டா 2.7 கிலோ இழுவை. குட்டி ஸ்பின்னிங் ரீல். எல்லாம் சேத்து ஒரு சொம்புத் தண்ணி எடைகூட வராது. விலையை வீட்டுல சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க. ஒரு விஷயம் மட்டும் தாத்தாகிட்ட திரும்பத் திரும்பச் சொன்னேன். கார்பன் கரண்டைக் கடத்தும். கமுதியில 2016-ல வந்த 648 மெகாவாட் சோலார் பிளாண்ட்டுக்கு அப்புறம் எங்க பக்கம் மேலே பாத்தா டவர் லைன்தான். கம்பியடியில நின்னு கம்பைத் தூக்கவே கூடாது, இடி இடிச்சா கீழே போட்டுட்டு வந்துடணும்.

பங்குனி ஆரம்பம். கண்மாய் பாதி வத்திப்போய், மடைக்குப் பக்கத்துல மட்டும் இடுப்பளவு தண்ணி. தாத்தாவை வண்டியில கூட்டிட்டுப் போய்க் கரையில ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்கார வெச்சேன். நானே வீசிக் கொடுத்து, "தாத்தா, கம்பை முட்டி மேல சாய்ச்சு வெச்சுக்கோங்க. நரம்பை மட்டும் ஆள்காட்டி வெரலால லேசாத் தொட்டுக்கிட்டு இருங்க"ன்னு சொன்னேன். கம்பு முட்டியில நின்னதால கை நடுக்கம் நுனிக்குப் போகல.

"என்னடா குட்டையா இருக்கு"ன்னார். "ரீல் எதுக்கு, சைக்கிள் பெடல் மாதிரி"ன்னார். அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. கண்ணை மூடிக்கிட்டார். தூங்கிட்டாரோன்னு நெனச்சேன்.

"கொத்துதுடா" என்றார் மெதுவா. நுனியில எனக்கு ஒண்ணுமே தெரியல. "ஜிலேபிப் பய. திருடுறான்... இரு, இரு..."

வெட்டினார். பழைய பழக்கத்துல மீனைக் கரையில தூக்கி எறியப் பாத்தார். கம்பு அரைவட்டமா வளைஞ்சு எழும்புச்சு. உள்ளங்கை அகலத்துல ஜிலேபி ஒண்ணு பறந்து வந்து என் சட்டையில அடிச்சு விழுந்துச்சு. முப்பது மீட்டர் நரம்பும் ரீலும் அவருக்குத் தேவையே படல.

மதியம் வரைக்கும் பதினோரு ஜிலேபி, ஒரு கெளுத்தி. வீட்டுக்கு வந்ததும் சேர்ல உக்காந்துக்கிட்டே அப்பத்தாவைக் கூப்பிட்டு, "ஏ இந்தா, அந்த மூங்கில்லேருந்து அரிவாளை அவுத்துடு. ஆட்டுக்கு வேற கம்பு பாத்துக்கலாம்"ன்னார்.